எட்டுப் புள்ளி

மதிப்பீட்டாளர் காலை ஒன்பது இருபதுக்கே வந்து நின்றார். கடிதத்தில் பத்து மணி என்று போட்டிருந்தது.

சிறப்பு ஆசிரியை அப்போதுதான் அறையைத் துடைத்து முடித்திருந்தாள். அறை என்று சொல்வதே அதிகம். முன்பு துடைப்பமும் வாளிகளும் கிடந்த இடம். ஒரு பக்கச் சுவருக்கு அப்பால் பிள்ளைகளின் கழிப்பறை, மறுபக்கம் தண்ணீர் மோட்டார். மூன்று வருடங்களுக்கு முன் அதைக் காலி செய்து, சுவரில் வானவில் ஒன்றை வரைந்து, ‘அனைவருக்குமான அறை’ என்று பலகை மாட்டிப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். வானவில்லின் அடிப்பகுதியில் ஈரம் ஏறி, ஊதா நிறம் கொப்புளம் கொப்புளமாக உப்பியிருந்தது. என்ன போட்டுக் கழுவினாலும் வெயில் ஏறினால் வாடை திரும்பிவிடும். அவளுக்கு அது பழகிவிட்டது. பழகிவிட்டதே என்பதுதான் சில நாட்களில் குமட்டியது.

மதிப்பீட்டாளர் ஈரத்தாள் ஒன்றை உருவி நாற்காலியைத் துடைத்தார். உட்காரும் இடம், சாயும் இடம், கை வைக்கும் இடம். இன்னொரு தாளை உருவி, தன் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். பிறகு உட்கார்ந்து பையிலிருந்து பிஸ்கட் பாக்கெட்டை எடுத்தார். இன்று நாலு பள்ளிக்கூடமாம், அதனால்தான் சீக்கிரம் கிளம்பினாராம், காலையில் ஒன்றும் சாப்பிடவில்லையாம்.

வாசலில் நின்றிருந்த உதவியாளர் அக்கா ஆசிரியையின் காதருகே குனிந்தாள்.

“பிள்ளைக்கு மார்க் போட வந்தவரா, நாற்காலிக்கு மார்க் போட வந்தவரா?”

மதிப்பீடு நடக்கும்போது உதவியாளர் உள்ளே இருக்கக் கூடாது என்பது விதி. அவள் வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். கதவில் ஒரு நோட்டுப் புத்தகத்தின் அகலத்துக்குக் கண்ணாடி பதித்திருந்தது.

உள்ளே மூன்று பேர். மூன்றாவது ஆள் சுவரை ஒட்டி ஒரு விரலை வைத்துக்கொண்டு, வானவில்லிலிருந்து அலமாரிக்கும் அலமாரியிலிருந்து வானவில்லுக்கும் போய் வந்துகொண்டிருந்தாள். வயது ஏழு. பேச்சு கிடையாது. எங்கே போனாலும் சுவரைவிட்டு விலகாமல் ஒரே கோட்டில் போவாள் என்பதால் அவள் அம்மா வீட்டில் எறும்பு என்று கூப்பிடுவாள். பள்ளிக்கூடத்திலும் அதுவே ஒட்டிக்கொண்டது.

படிவத்தில் பன்னிரண்டு கேள்விகள். பிள்ளையால் எது முடியாதோ அதற்குத்தான் புள்ளி. முடிந்தால் ஒன்றும் கிடையாது. மொத்தம் முப்பதைத் தாண்டினால் உதவியாளர் தினமும் நாலு மணி நேரம் கூட இருப்பார். முப்பதுக்குக் கீழே இறங்கினால் ஒரு மணி நேரம். எறும்புக்குப் போன வருடம் முப்பத்துநான்கு வந்தது. அதில் கழிப்பறைக் கேள்விக்கு மட்டும் எட்டு. ‘முழு உதவி தேவை’ என்றால் எட்டு, ‘தானே கேட்கிறது’ என்றால் பூஜ்யம். ஆசிரியைக்கு இந்தக் கணக்கு தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும்.

ஒரு மணி நேர உதவியோடு இந்தப் பிள்ளையை வைத்துக்கொள்ள முடியாது என்று தலைமை ஆசிரியர் வாய்விட்டே சொல்லியிருந்தார். அப்புறம் இருப்பது இரண்டு பேருந்து மாறிப் போக வேண்டிய தனிப் பள்ளி. ஆசிரியையும் எறும்பின் அம்மாவும் ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். ரப்பர் விரிப்பில் இருபது பிள்ளைகள் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். தொலைக்காட்சியில் சமையல் நிகழ்ச்சி ஓடியது. ஒரு பிள்ளையின் உடை நனைந்து, காய்ந்து, விறைத்திருந்தது. அம்மா ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் விரிப்பு மடிக்கிறவள். எந்தக் கறை எத்தனை மணி நேரத்துக் கறை என்று பார்த்தே சொல்லிவிடுவாள். வெளியே வந்ததும் சாக்கடை ஓரம் குனிந்து நின்றாள். வாந்தி வரவில்லை. வந்திருந்தால் தேவலை என்றாள்.

இந்த ஏழு மாதத்தில்தான் ஒரு காரியம் நடந்தது. எறும்பின் கழுத்தில் ஒரு நாடா, நாடாவில் கழற்றி எடுக்கும்படி நான்கு சின்ன அட்டைகள். தண்ணீர், சாப்பாடு, போதும், கதவு. கதவு என்றால் கழிப்பறை. படத்தை எடுத்து எதிரில் இருப்பவரின் உள்ளங்கையில் வைத்து, அவர் விரல்களை மூடிவிட வேண்டும். அப்போதுதான் கேட்டதாகக் கணக்கு. அக்கா தினமும் ஆயிரம் தடவை செய்து காட்டினாள். எறும்பு முதல் தடவை கதவை எடுத்துக் கையில் வைத்த அன்று, அக்கா கேட்டில் நிற்கும் காவலாளி வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். அவர் என்ன விஷயம் என்று புரியாமலேயே கை குலுக்கினார்.

அந்தச் சந்தோஷம் ஒரு வாரம் தாங்கியது. பிறகு மதிப்பீட்டுக் கடிதம் வந்தது.

ஆசிரியை எறும்பின் அம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னாள். பெற்றோர் படிவத்தில் நல்ல நாளை எழுதாதீர்கள், இருப்பதிலேயே மோசமான நாளை எழுதுங்கள். எல்லாப் பெற்றோருக்கும் அவள் சொல்வதுதான் இது. இத்தனை வருடமாகச் சொல்லிச் சொல்லி வாய் வழுக்கிக்கொண்டு போகும். அம்மா விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். இப்போது அப்படி மோசமான நாள் எதுவும் இல்லையே என்றாள். போன வருடத்தில் ஏதாவது நினைவு இருக்குமே என்றாள் ஆசிரியை. சொன்ன பிறகு எழுந்து போய் வாய் கொப்பளித்துவிட்டு வந்து, தன் படிவத்தில் ‘முழு உதவி’ என்ற கட்டத்தில் டிக் போட்டாள்.

மதிப்பீட்டாளர் அம்மாவின் உறையை இப்போதுதான் பிரித்தார். பெற்றோர் படிவம் ஒட்டிய உறையில்தான் வரும். ஆசிரியை பார்க்கக் கூடாது. அவர் ஒரு கையில் பிஸ்கட்டும் ஒரு கையில் தாளுமாகப் படித்தார். தூள் தாளின் மேல் உதிர்ந்தது. ஊதிவிட்டார்.

“மேடம், ரெண்டும் ஒத்துப்போகலையே. பதினாலு நாள்ல பதினோரு நாள் அவளே கேட்டான்னு எழுதியிருக்காங்க. தேதி போட்டு, நேரம் போட்டு.”

ஆசிரியை எட்டிப் பார்த்தாள். அந்தத் தாளில் கையெழுத்து அச்சுப் போல இருப்பது தலைகீழாகப் பார்த்தாலும் தெரிந்தது. கோடு போட்டு, கோட்டின் மேல் எழுதியிருந்தாள் அம்மா.

“வீட்டில் வேற, இங்க வேற சார்,” என்றாள்.

“இருக்கலாம். நான் எழுத்தை நம்புறதில்லை. கண்ணால பார்க்கிறதைத்தான் போடுவேன்.”

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை. மனிதர் அயோக்கியராக இருந்திருந்தால் வேலை சுலபமாகியிருக்கும்.

வேலை தொடங்கியது. மரக்கட்டைகளை நிறம் பார்த்து அடுக்கச் சொன்னார். அடுக்கவில்லை. படத்துக்குப் படம் பொருத்தச் சொன்னார். இரண்டைப் பொருத்திவிட்டு மூன்றாவதை நக்கினாள். அவர் முகத்தைச் சுளிக்காமல் இருக்க முயன்றார். நக்கிய படத்தைப் பேனா முனையால் ஓரமாகத் தள்ளினார். மூன்று புள்ளி, நான்கு புள்ளி, மூன்று புள்ளி என்று ஆசிரியையின் மனம் தன்பாட்டுக்குக் கூட்டிக்கொண்டே போனது. பிள்ளை ஒவ்வொன்றாகத் தோற்கத் தோற்க அவளுக்கு மூச்சு இலேசானது. சே என்று இருந்தது. ஆனாலும் கூட்டினாள்.

வழக்கமாக ஒன்பதே முக்காலுக்கு அக்கா எறும்பைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போவாள். இவர் சீக்கிரம் வந்ததில் அது தவறிவிட்டது. அது ஆசிரியைக்கு நினைவு வந்தபோது மணி பத்தைத் தாண்டியிருந்தது.

மதிப்பீட்டாளரின் கைபேசி அடித்தது. வீட்டில் ஏதோ குழாய் உடைந்துவிட்டது போலிருக்கிறது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, எந்த வால்வை மூட வேண்டும் என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார்.

எறும்பு சுவரைவிட்டு வந்தாள். நாடாவைத் தடவி, தண்ணீரைத் தள்ளி, சாப்பாட்டைத் தள்ளி, போதும் என்பதைத் தள்ளி, கதவை எடுத்தாள். ஆசிரியையின் கையைப் பிடித்து விரித்து, அட்டையை வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மூடினாள். சொல்லிக்கொடுத்த மாதிரியே, ஒரு படி தவறாமல்.

ஆசிரியை அட்டையைப் பார்த்தாள். மதிப்பீட்டாளரின் முதுகைப் பார்த்தாள். மூடிய கையை மேஜைக்கு அடியில் கொண்டுபோனாள்.

“இதை முடிச்சுட்டுப் போகலாம்,” என்றாள் மெதுவாக.

எறும்பு காத்திருந்தாள். பிறகு மேஜைக்கு அடியில் கை விட்டு, அவள் விரல்களைப் பிரித்தாள். ஏழு வயதுக் கைக்கு அவ்வளவு பலம் இருக்கும் என்று ஆசிரியை நினைக்கவில்லை. அட்டையை எடுத்து மறுபடி அதே கையில் வைத்து மூடினாள். கேட்டது சரியாக விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்துச் செய்வது போல நிதானமாகச் செய்தாள்.

ஆசிரியை ஒரு மரக்கட்டையை எடுத்து அவளிடம் நீட்டினாள்.

எறும்பு கட்டையை வாங்கிக்கொண்டாள். முழங்கால்களை ஒட்டிவைத்துக்கொண்டு நின்றாள். பேச்சை முடித்துவிட்டு மதிப்பீட்டாளர் திரும்பியபோது ஆசிரியையின் கையில் எதுவும் இல்லை. அட்டை அவள் தொடைக்கு அடியில் இருந்தது.

கொஞ்ச நேரம்தான். முதலில் சத்தம் கேட்டது. பிறகு தரையில் அது ஓடி, மேஜைக்காலைச் சுற்றி, அவருடைய நாற்காலிப் பக்கம் திரும்பியது. பினாயில் மணத்தின் மேல் அந்தச் சூடான வாடை எழுந்தது. மதிப்பீட்டாளர் இரண்டு கால்களையும் ஒருசேரத் தூக்கினார். பையை மார்போடு அணைத்துக்கொண்டார்.

“பரவாயில்லைங்க, பரவாயில்லை,” என்றார். கால்கள் அந்தரத்திலேயே இருந்தன.

ஆசிரியை அட்டையை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்து கதவைத் திறந்தாள். அக்கா மாற்றுத் துணியோடு தயாராக நின்றாள். அவள் ஆசிரியையின் முகத்தைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னாலேயே, வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்த எறும்பின் அம்மா எழுந்து வந்துவிட்டாள். தரையைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், நேரே மதிப்பீட்டாளரிடம் போனாள்.

“சார், இவ இப்படி இல்ல சார். கேப்பா. நான் எழுதியிருக்கேன் பாருங்க, எல்லாம் உண்மை. ஒரு நாள்கூடக் கூட்டி எழுதலை.”

“பெத்தவங்களுக்கு அந்த ஆசை இருக்கத்தான் செய்யும்மா.”

“ஆசை இல்ல சார்.” அவள் ஆசிரியையிடம் திரும்பினாள். “டீச்சர், நீங்க சொல்லுங்க. இவ அட்டையைக் காட்டலையா?”

மதிப்பீட்டாளர் பேனாவைத் திறந்தபடி அவளைப் பார்த்தார். அக்கா ஈரக் காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்தவள் அப்படியே நிறுத்தினாள். எறும்பு ஆசிரியையைப் பார்க்கவில்லை. சுவரில் தன் விரலை வைத்திருந்தாள்.

“இல்லம்மா,” என்றாள் ஆசிரியை. “காட்டலை.”

அம்மா குந்தி உட்கார்ந்து மகளின் கால்களைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே, “ஏன்டி கேக்கலை? கேட்டிருந்தா கூட்டிட்டுப் போயிருப்பாங்கல்ல,” என்றாள். கோபமே இல்லை அந்தக் குரலில். கோபம் இருந்திருந்தால் ஆசிரியையால் அங்கே நின்றிருக்க முடியும். தலையைத் திருப்பிக்கொண்டாள்.

மதிப்பீட்டாளர் எழுதி முடித்தார். முழு உதவி, எட்டு. கீழே குறிப்புக்கென்று இருந்த கோட்டில், ‘பெற்றோரின் மதிப்பீடு மிகைப்பட்டது’ என்று எழுதி, ஆசிரியை கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினார். அவள் போட்டாள். தாளில் பிஸ்கட்டின் எண்ணெய்ப் பிசுக்கு பட்டிருந்தது. நாலு மணி நேரம் அப்படியே தொடரும், உங்களுக்கு இது நல்லதுதானே மேடம் என்றார். வாசலில் நின்று காலணியின் அடியை ஈரத்தாளால் துடைத்தார். தாளைப் போட இடம் தேடி, அவளிடமே கொடுத்துவிட்டுப் போனார்.

நாலு மணி நேரம் தொடரும் என்று ஆசிரியை எடுத்துச் சொன்னபோது எறும்பின் அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் கழுவிவிட்ட மாதிரி ஆனது. தனிப் பள்ளிக்கு அனுப்ப வேண்டாமா, நிஜமாகவா என்று இரண்டு தடவை கேட்டாள். நீங்கள் சொன்ன மாதிரி எழுதாததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள் என்றாள்.

“எழுத உக்காந்தேன் டீச்சர். இவ பக்கத்துல வந்து நின்னா. படிக்கத் தெரியாதுதான். இருந்தாலும் இவளை வெச்சுக்கிட்டு எப்படி எழுதுறது?”

அவள் ஆசிரியையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாள். சலவைச் சோடாவில் வெளுத்து வெடித்த கைகள் அவளுடையவை. ஆசிரியை தன் கைகளை உருவிக்கொள்ளப் பார்த்தாள். அம்மா விடவில்லை. அடுத்த ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டே விடாமல் பிடித்திருந்தாள்.

அம்மா போன பிறகு ஆசிரியை அறையை மறுபடி கழுவினாள். கழுவ அக்கா இருந்தாள். அவளைத் தடுத்துத் தானே கழுவினாள். குழாயடியில் சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்தாள். மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்த்து மூடிவைத்தாள்.

இரண்டு மணிக்கு இரண்டாம் வகுப்பில் ஒரே கூச்சல். பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு பெஞ்சுகளின் மேல் ஏறி நின்றார்கள். ஒரு வாண்டு வகுப்பில் மழை வந்துவிட்டது என்று அறிவித்துக்கொண்டிருந்தான். அக்கா எறும்பைச் சுவர் ஓரமாகவே நடத்திக் கூட்டிவந்தாள். பிள்ளைக்கு மாற்றிவிட வேறு துணி இல்லாததால் இடுப்பில் ஒரு துண்டைச் சுற்றியிருந்தாள். அக்காவின் ஒரு கையில் ஈரத்துணிப் பை, மறு கையில் நாடா.

எறும்பு வானவில்லிலிருந்து அலமாரிக்கு நடக்கத் தொடங்கினாள். ஆசிரியை இருந்த பக்கம் வந்ததும் சுவரைவிட்டு விலகி, தள்ளிப் போய், மறுபடி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

அக்கா பையைக் கீழே வைத்தாள்.

“கண்ணாடி வழியா நானும் பார்த்துக்கிட்டுத்தான் நின்னேன், டீச்சர். என் வேலையும் இதுலதான் இருக்குன்னு கம்முனு நின்னேன். உங்களைச் சொல்லலை.” நாடாவை மேஜையின் மேல் வைத்தாள். “மாட்டிவிட்டா கழட்டிக் கழட்டிப் போடுறா. இவகிட்ட என்னன்னு சொல்லி மறுபடி மாட்டிவிடட்டும்?”