சூடு வெளியேறும் பக்கம்

"சாய்ச்சுப் பிடிங்கப்பா, சாய்ச்சு!" என்று பெட்டிக்காரர் கத்தக் கத்த, ஐஸ் பெட்டி வாசல் நிலையில் இடித்துக்கொண்டு நின்றது. முன்பக்கம் பிடித்திருந்தவர் வெல்டர், இறந்தவரின் தம்பி. பின்பக்கம் பிடித்திருந்தவர், எல்லோரும் கரிமூட்டை என்று கூப்பிடும் நண்பர். இரும்பு உருக்கும் ஆலையில் இறந்தவரோடு ஒரே உலைக்கு முன்னால் நின்று வெந்தவர்.

"உங்க அண்ணன் உயிரோட இருந்தா இதை ஒத்தை ஆளா உள்ள தூக்கிட்டுப் போயிருப்பான்" என்றார் கரிமூட்டை, மூச்சு வாங்க.

"உயிரோட இருந்தா பெட்டி எதுக்குண்ணே?"

"அதுவும் சரிதான். நீ தூக்கு."

அண்ணன் உள்ளே கட்டிலில் கிடந்தார். காலையில் மாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. வெளிநாட்டிலிருந்து மகள் விமானம் ஏறிவிட்டாள். வந்து சேரச் சாயங்காலமாகும். வெயில் மண்டையைப் பிளந்தது. அண்ணி ஒரே ஒரு தடவைதான் சொன்னாள்: "அவ அப்பா முகத்தைப் பார்க்கணும் தம்பி. பார்க்கிற மாதிரி இருக்கணும்."

வெல்டர் தலையாட்டினார். அந்தப் பொறுப்பு அவர் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

பெட்டிக்காரர் பெரிய பிளக் பாயிண்ட் எங்கே என்று கேட்டார். கூடத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அண்ணன் தன் கம்ப்யூட்டருக்காகத் தனி ஒயர் இழுத்துப் போட்ட பாயிண்ட். வெல்டர் அதிலிருந்த பிளக்கைப் பிடுங்கி, ஐஸ் பெட்டியின் பிளக்கைச் செருகினார். என்னவோ அண்ணன் தட்டிலிருந்து சோற்றை எடுத்து அண்ணனுக்கே ஊட்டுவது போலிருந்தது.

மேசையில் இருந்தது அந்தக் கம்ப்யூட்டர். கறுப்பு கேபினெட், ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. துக்கம் கேட்க வந்த பக்கத்து வீட்டம்மா அழுகையை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தாள்.

"மீன் தொட்டியா? மீனெல்லாம் எங்கே?"

"மீனா இருந்தா ஒரு வேளை தீனி போட்டா போதுமே" என்றாள் அண்ணி.

வேலையை விட்டு வந்தபிறகு அண்ணனுக்குப் பிடித்த பைத்தியம் அது. அங்கே மகள் ஏதோ ஒரு விளையாட்டில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தாள். "நீங்களும் வாங்கப்பா, ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல ஓட்டலாம்" என்று சொல்லிவிட்டாள். அவ்வளவுதான். பிராசஸர், கிராபிக்ஸ் கார்டு என்று அவள் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்ல, அண்ணன் எல்லாவற்றுக்கும் ஒரே கேள்விதான் கேட்டார்: "எத்தனை டிகிரி ஏறும்?" வேகம் எவ்வளவு, படம் எப்படித் தெரியும், எதுவும் அவருக்கு முக்கியமில்லை. தன் வீட்டுக்குள் இன்னொரு உலை வந்துவிடக் கூடாது.

கடைக்காரன் தண்ணீரால் குளிர வைக்கும் ஒன்றை எடுத்துக் காட்டினான். "தண்ணியா?" என்று அண்ணன் இரண்டடி பின்னால் போனார். "உருக்கின இரும்புல ஒரு சொட்டுத் தண்ணி விழுந்தா என்ன ஆகும்னு தெரியுமா உனக்கு? டேய் கரிமூட்டை, முதுகைக் காட்டு!" கரிமூட்டையும் கடை நடுவில் சட்டையைத் தூக்கி, முதுகெல்லாம் இரும்பு தெறித்த தழும்பாகத் திரும்பி நின்றார். வாங்க வந்த பையன்கள் ஓரமாக ஒதுங்கினார்கள். கடைக்காரன் மின்விசிறிகளை எடுத்து வைத்தான்.

விசிறிகளை மாட்டியது வெல்டர்தான். எல்லாவற்றையும் உள்ளே காற்றை இழுக்கிற மாதிரியே மாட்டினார்.

"காத்து உள்ள போனாத்தானே குளிரும்?"

"உள்ள போறது இருக்கட்டும். சூடு எந்தப் பக்கமா வெளிய போகும்?"

"அதுக்குக் கால் இருக்கு. வழி பார்த்துப் போகும்."

அண்ணன் செய்தித்தாளில் ஒரு துண்டு கிழித்து, டேப் போட்டுப் பின்பக்க விசிறிக்கு மேலே தொங்கவிட்டார். சுவிட்சைப் போட்டதும் அது வலையில் பச்சென்று ஒட்டிக்கொண்டது. "பாருடா. வெளிய போக வேண்டியது வீட்டுக்குள்ள வருது."

"நான் வெல்டிங்ல இத்தனை வருஷமா சூட்டைப் பார்க்கலையா? வேணும்னா நீயே கழட்டி மாட்டிக்கோ!" என்று ஸ்குரூடிரைவரை மேசைமேல் போட்டுவிட்டுப் போனவர்தான். அதற்குப் பிறகு இன்று காலைதான் இந்த வீட்டுக்கு வந்தார். அண்ணன் எதையும் கழற்றவில்லை. தம்பி வருவான் என்று விட்டுவைத்திருக்க வேண்டும்.

ஐஸ் பெட்டியை எங்கே வைப்பது என்று முடிவு செய்ததும் வெல்டர்தான். மோட்டார் இருக்கும் முனையைச் சுவருக்கும் பீரோவுக்கும் நடுவே இறுக்கித் தள்ளினார். "சத்தம் அந்த மூலையோட போயிடும். நடக்கவும் இடம் கிடைக்கும்." பெட்டிக்காரர் பில் போடும் அவசரத்தில் பார்க்காமலே போய்விட்டார்.

மத்தியானத்தில் கரிமூட்டை ஐஸ் பெட்டியின் கண்ணாடியில் கை வைத்துப் பார்த்தார். அதிலிருந்த டிகிரி எண்ணைப் பார்த்தார். அது ஏறிக்கொண்டிருந்தது.

"டேய், ஆயுசு பூரா வெந்தவனை இங்கயும் வேக வைக்கிறியா?"

போனில் பெட்டிக்காரர், "மிஷின் போயிருக்கும். வேற பெட்டி ராத்திரிதான் காலியாகும்" என்றார். அண்ணி வெல்டரை ஒரு பார்வை பார்த்தாள். அதற்குத் திட்டியிருக்கலாம்.

வெல்டர் மூலைக்குப் போய்ச் சுவரைத் தொட்டார். வெல்டிங் முடிந்த இரும்பு மாதிரி சுட்டது. பிறகு மேசைக்குப் போய், கம்ப்யூட்டரின் பின்னால் தொங்கிய காகிதத் துண்டை டேப்போடு பிய்த்துவந்து, மோட்டாருக்கும் சுவருக்கும் இடையில் பிடித்தார். அது ஆடவே இல்லை.

"பிடிண்ணே" என்றார்.

"எதை?"

"அண்ணனை."

இரண்டு பேருமாகப் பெட்டியை இழுத்தார்கள். தரை கிறீச்சிட்டது. ஒரு பெரியவர் பதறி எழுந்தார். "ஆளை உள்ள வெச்சுக்கிட்டு என்னப்பா இழுப்பு?"

"காத்து பத்தலையாம்" என்றார் கரிமூட்டை.

"யாருக்கு?"

"அவனுக்குத்தான். சொல்லி அனுப்பியிருக்கான்."

பெரியவர் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்துவிட்டார். மோட்டார் முனை வாசலைப் பார்த்துத் திரும்பியதும், அடைபட்டிருந்த அனல் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களின் கால்களில் அடித்தது. வெல்டர் கையிலிருந்த காகிதம் படபடவென்று வெளிப்பக்கம் பறந்தது. கொஞ்ச நேரத்தில் எண் இறங்கத் தொடங்கியது.

"அவன் அன்னைக்கே சொன்னான்ல?" என்றார் கரிமூட்டை.

"சொன்னாரு."

சாயங்காலம் மகள் வந்தாள். கண்ணாடிமேல் கவிழ்ந்து அழுதாள். உள்ளே அண்ணனின் முகம் கொஞ்சமும் மாறாமல், யாரையோ திட்டத் தொடங்கும் முன் இருப்பது போலவே இருந்தது. அழுது ஓய்ந்து நிமிர்ந்தவளின் கண் மேசைக்குப் போனது.

"அப்பா தனியாவாவது லாரியை ஓட்டிப் பார்த்தாரா, சித்தப்பா?"

"இல்லம்மா. ஒரு வேலை பாக்கி இருந்துச்சு."

மறுநாள் எல்லாம் முடிந்து வீடு திரும்பியபோது ஐஸ் பெட்டியை எடுத்துப் போயிருந்தார்கள். தரையில் அதை இழுத்த கோடு மட்டும் இருந்தது. வெல்டர் குளித்த தலையைத் துவட்டாமல் மேசைக்கு முன் உட்கார்ந்தார். ஸ்குரூடிரைவர் அவர் போட்ட இடத்திலேயே கிடந்தது. பின்பக்க விசிறியைக் கழற்றினார். திருப்பினார். மாட்டினார். காகிதத் துண்டைப் பழைய இடத்திலேயே ஒட்டிவிட்டு, பிளக்கைச் செருகினார்.

காகிதம் நேராக நீட்டிக்கொண்டு நின்றது.

எவ்வளவு நேரம் ஓடியதோ, அண்ணி டீ கொண்டுவந்து வைத்தாள். இத்தனை மாதத்தில் அந்தக் கம்ப்யூட்டரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காதவள், அதன் பின்பக்கம் போய் நின்றாள்.

"எத்தனை டிகிரி தம்பி?"

வெல்டர் திரையைப் பார்த்துச் சொன்னார்.

அவள் உள்ளங்கையை விசிறிக்கு நேராக நீட்டினாள். காற்று இளஞ்சூடாக வந்துகொண்டிருந்தது. டீ ஆறியது. அவள் கையை எடுக்கவில்லை.