மேடில்லாத பல்

எலியின் கடைவாய்ப்பல்லில் மேடுகள் இருக்கும். அவற்றின் வரிசையைப் பார்த்துத்தான் எந்த எலி என்று சொல்வார்கள். ஆனால் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக் குகையொன்றின் மண்ணிலிருந்து ஆய்வாளர் நோலீன் எடுத்துவந்த பழங்கால எலியின் கீழ்த்தாடையில் ஒரு மேடுகூட இல்லை. சப்பித் துப்பிய மிட்டாய் போல எல்லாப் பற்களும் வழுவழுவென்று இருந்தன. முன்பல்லிலும் எனாமல் இல்லை. கிழட்டு எலி என்று தள்ளவும் முடியவில்லை. மென்று தேய்ந்த பல்லில் மேற்பரப்புத்தான் தட்டையாகும். இதில் பக்கங்களும் கரைந்திருந்தன.

அழிந்துபோன புதிய இனம் என்று கட்டுரை எழுதிவிட்டாள். வெள்ளிக்கிழமை ஆய்விதழுக்கு அனுப்ப வேண்டும். ஓர் இனத்துக்குப் பெயர் வைத்தவரின் பெயர் அதோடு என்றைக்கும் ஒட்டிக்கொள்ளும், தப்பாக வைத்தாலும்.

அன்று ஆய்வகத்துக்குள் நுழைந்ததுமே குமட்டியது. கூட வேலை செய்யும் கிளைவ், கோப்பை கழுவும் தொட்டியில் சல்லடையை வைத்துக் கறுப்பாக எதையோ பிசைந்துகொண்டிருந்தான். அழுகிய இறைச்சியும் மூத்திரமும் கலந்த நெடி.

“சீ! என்ன கண்றாவிடா இது?”

“குவோல் பீ. விலங்குப் பூங்காவுல வாளி நிறைய அள்ளிக் குடுத்தாங்க. அதுங்க என்னத்தத் தின்னுதுன்னு பாக்க வேணாமா?”

“நான் டீ கப்பு கழுவுற எடம்டா அது, பன்னி!”

“கோச்சுக்காத. இந்தா, மீட் பை ஒரு கடி கடி.” அதே கையால் நீட்டினான்.

குவோல் என்பது பூனை அளவில் புள்ளி போட்ட பிராணி. எலியை எலும்போடு தின்றுவிடும். மூக்கைப் பொத்திக்கொண்டு தொட்டியைக் கடந்த நோலீன் அப்படியே நின்றாள். சல்லடையில், மயிருக்கும் சளிக்கும் நடுவே, இந்தக் காலத்து எலியொன்றின் தாடை. பற்களெல்லாம் வழுவழுவென்று இருந்தன.

குகைத் தாடையைத் துடைத்த தூரிகையை உதட்டில் வைத்துத்தான் கூராக்கியிருந்தாள். அந்த ஆய்வகத்தில் எல்லாருக்கும் அதுதான் பழக்கம்.

“கிளைவ், இத்தனை நாளா நான் பீயை நக்கிட்டு இருந்திருக்கேன்டா.”

“பழசுதானே, காஞ்சிருக்கும்.”

“வாயை மூடு. அந்தச் சாமணத்தை எடு.”

எலியின் முன்பல் நீளமானது. பெரும்பகுதி தாடையெலும்புக்குள் புதைந்திருக்கும். தின்ற பிராணியின் வயிற்று அமிலம் வெளியே நீட்டியிருப்பதைக் கரைக்கும். எலும்பு மூடிய பகுதியை அவ்வளவு சீக்கிரம் எட்டாது. உள்ளே பார்க்க வேண்டுமானால் குகைத் தாடையை உடைக்க வேண்டும். இருந்ததோ அந்த ஒன்றுதான்.

“உடைச்சா உன் புது எலியும் போச்சு, தாடையும் போச்சு.”

“உடைக்காம பேரு வெச்சா என் மானம் போச்சு.”

வாய்க்குள் ஊறிய எச்சிலை விழுங்கப் பிடிக்காமல் குப்பைக்கூடையில் துப்பிவிட்டு, சாமணத்தை அழுத்தினாள். எலும்பு மளுக்கென்று உடைந்தது. உள்ளேயிருந்த பல்லின் முகப்பில் எனாமல் மஞ்சளாக மின்னியது.

வெளியே கரைந்து உள்ளே மிஞ்சியிருந்தால் அது செரிமானத்தின் வேலை, இனத்தின் அடையாளம் அல்ல. அப்படிப்பட்ட தாடையில் மேடுகளை நம்பக் கூடாது. அமிலம் எட்டாத வேர்க்குழிகளை வைத்துத்தான் அடையாளம் காண வேண்டும். நோலீன் கடைவாய்ப்பற்களைக் கழற்றிக் குழிகளைப் பார்த்தாள். எண்ணிக்கையும் அமைப்பும் அதே குகையில் கிடைத்து ஏற்கெனவே பெயரிடப்பட்ட தடித்தாடை எலியுடையவை. இது புதிய இனமல்ல. ஏதோ ஒரு பிராணி தின்று கழித்த பழைய இனம்.