குர்பான் கத்தி

ஸக்கரியா ஹாஜியார் வாசலில் வந்து நின்றபோது நூருன்னிஸா மிளகு புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகைக் கீழே வைக்கவில்லை. பள்ளிவாசல் ட்ரஸ்டி வீடு தேடி வந்தால், யட்டவத்தப் பக்கத்து அந்தச் சின்ன ஊரில் மற்றப் பெண்கள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கதிரையைத் துடைத்துப் போடுவார்கள். இவள் அவரை ஒருமுறை பார்த்தாள், பதரை ஒருமுறை பார்த்தாள், மறுபடி புடைத்தாள். ஈஸ்டர் குண்டுவெடிப்பு நடந்த வருஷத்திலிருந்து இந்தப் படியை மிதிக்காத மனிதர் இன்று மிதிக்கிறார் என்றால், பாசம் பொங்கி வந்திருக்க மாட்டார்.

காரியம்தான். ஹஜ்ஜுப் பெருநாள் வருகிறது. போன வருஷம் குர்பான் அறுக்க வெளியூரிலிருந்து கூட்டி வந்த ஆளுக்குக் கைப்பதமில்லை. மாடு துடித்த துடிப்பைப் பார்த்து நின்றவர்களில் பாதிப்பேர் இறைச்சியே வேண்டாம் என்று போய்விட்டார்கள். இந்த வருஷம் அவள் புருஷன் ஜிப்ரிதான் வந்து அறுத்துத் தர வேண்டும் என்றார் ஹாஜியார். கத்தி புதிதாக ஒன்று வாங்கிவிடலாம், அது பெரிய காரியமில்லை என்றும் சொன்னார்.

கத்தி பெரிய காரியமில்லையாம். சுளகாலேயே அவர் தொப்பியில் ஒன்று போடலாம் போல இருந்தது நூருன்னிஸாவுக்கு.

இந்த வீடு நாசமாய்ப் போனதே ஒரு கத்தியால்தான். குர்பான் கத்தி பள்ளிவாசலின் சொத்து. ஆனால் தொழுகிற இடத்தில் ஆயுதம் இருக்கக் கூடாது என்று, அறுக்கிறவர் வீட்டில் வைப்பது அந்த ஊர் வழக்கம். முதலில் ஜிப்ரியின் வாப்பா யாகூப் வைத்திருந்தார். அவர் மௌத்தான பிறகு ஜிப்ரி. வருஷத்தில் அந்தப் பெருநாளுக்கு மட்டும்தான் அது வெளியே வரும். மற்ற நாளெல்லாம் தேங்காயெண்ணெய் பூசி, வெள்ளைத் துணியில் சுற்றி, மிளகுச் சாக்குகளுக்கு மேலே பரணில் கிடக்கும்.

தேவாலயங்களில் குண்டு வெடித்த அன்று ஜிப்ரி சோறு தண்ணி இறங்காமல் கிடந்தார். வஹகோட்டையில் அவருக்கு மிளகு கொடுக்கிற கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு ஒவ்வொன்றாகப் போன் பண்ணி, ஆட்களெல்லாம் சுகமா என்று கேட்டு அழுதார். சில நாளில் தேடுதல் வருகிறது என்று கதை பரவியது. ஊரில் நீளமான கத்தி வைத்திருந்தவர்கள் ஆற்றில் போட்டார்கள், மலக்குழியில் போட்டார்கள், ஒருவர் பலாக்காய் வெட்டுகிற கத்தியைக்கூடப் புதைத்தார். நூருன்னிஸாவும் எறியச் சொல்லிக் கெஞ்சினாள். ஜிப்ரி கேட்கவில்லை.

"இது பள்ளிட அமானிதம். எங்கள நம்பித் தந்த சாமான். எறிய எனக்கு உரிம இல்ல" என்றார்.

எறிந்தவர்கள் தப்பித்தார்கள், காப்பாற்றியவர் பயங்கரவாதியானார். தேடி வந்த பொலிஸ் பரணிலிருந்து கத்தியை எடுத்தது. துணியில் சுற்றியிருந்ததால் ஒளித்து வைத்தான் என்றார்கள். எண்ணெய் பூசியிருந்ததால் தயாராக வைத்தான் என்றார்கள். டீவியில் காட்டும்போது அது வாளாகிவிட்டது. பள்ளிவாசல் கத்தி என்று ஜிப்ரி சொன்னதை விசாரிக்கப் பொலிஸ் ஸக்கரியா ஹாஜியாரைக் கூப்பிட்டது. அப்படி ஒன்றும் எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு வந்து ஹாஜியார் கதவைச் சாத்திக்கொண்டார்.

பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் போனவர் மறியற்சாலையிலிருந்து பிணையில் வரும்போது தாடி முழுக்க நரைத்திருந்தது. வழக்கு மட்டும் நரைக்கவில்லை. ஒவ்வொரு தவணைக்கும் புதுப் பிள்ளையாட்டம் எழுந்து உட்கார்ந்துகொள்கிறது. நாட்டில் ஜனாதிபதி மாறினார், அரசாங்கம் மாறியது, மிளகு விலை ஏறி இறங்கியது. ஜிப்ரிக்கு மிளகு விற்க ஆள் வரவில்லை. இப்போது வீட்டைச் சுற்றி நிற்கிற கொடிகளில் பறிப்பதுதான் பிழைப்பு.

மாதா மாதம் சிவில் உடுப்பில் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வருவார். சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தேன் என்பார். பிளேன்டீ குடித்துக்கொண்டே யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று கேட்பார். மரியாதையான ஆள். அதுதான் இன்னும் எரிச்சல், திட்டவும் முடியாது. இது எப்போது முடியும் என்று நூருன்னிஸா ஒருநாள் அவரிடம் சிங்களத்திலேயே கேட்டாள். நிறுத்தச் சொல்லி மேலிடத்திலிருந்து இன்னும் யாரும் சொல்லவில்லை, அதனால்தான் வருகிறேன் என்றார் அவர். தொடங்கச் சொன்னவர்கள் யாரென்று ஊருக்கே தெரியும். முடிக்கச் சொல்ல வேண்டியவர் யாரென்று அவருக்கும் தெரியவில்லை.

குண்டு வைத்தவர்களைப் பிடிக்கட்டும், அவர்களுக்குப் பின்னால் நின்றவர்களையும் பிடிக்கட்டும், யார் வேண்டாம் என்றது? மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது எந்த ஊர் நியாயம் என்பதுதான் அவள் கேள்வி. அதைக் கேட்கப் போனால், யுத்தமென்றால் அப்படித்தான் என்கிறார்கள். துவக்குச் சத்தம் கேட்காத, முடிகிற தேதியும் இல்லாத யுத்தம் என்ன யுத்தமோ.

இதை அவளுக்கு விளங்கவைத்தவர் கொல்லன் ஐயாவு. குர்பான் கத்திக்கு வருஷா வருஷம் சாணை பிடித்தவர் அவர்தான். முந்தின யுத்தத்தில், தேயிலைத் தோட்டத்துக்குக் கவ்வாத்துக் கத்தி அடித்துக் கொடுத்ததற்காக, புலிகளுக்கு ஆயுதம் செய்கிறாய் என்று அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஜிப்ரிக்காகக் கோட்டில் வந்து சாட்சி சொல்லட்டுமா என்று அவராகவே வந்து கேட்டார். சாணை பிடித்தவர் சொல்லி ஆகாது, கத்திக்கு உடையவர் வந்து எங்களுடையது என்று சொன்னால் வழக்கு நிற்காது என்று லோயர் சொல்லிவிட்டார்.

"என்னையப் புடிச்சப்ப உங்க ஆளுங்க ஒருத்தரும் வாயத் தொறக்கல தங்கச்சி" என்றார் ஐயாவு. "இவன் கொல்லன்தான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதும். நெலம சரியில்லன்னாங்க. இப்ப உங்களுக்கே அதச் சொல்றாங்க. யுத்தம் முடியல. வீடு மாறியிருக்கு, அவ்வளவுதான்."

நூருன்னிஸாவுக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஸக்கரியா ஹாஜியாரிடம் அவள் போன தடவைகளுக்குக் கணக்கில்லை. கோட்டுக்கு வாங்க, உள்ளதைச் சொல்லுங்க, இது எப்ப முடியும் என்று கேட்பாள். ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தான் வரும்.

"நிலம சரியாகட்டும் மகள்."

அந்த ஹாஜியார்தான் இப்போது வாசலில் நின்று குர்பானுக்குக் கூப்பிடுகிறார். உள்ளேயிருந்து ஜிப்ரி எழுந்து வந்தார். நூருன்னிஸா அவர் முகத்தைப் பார்த்தாள். அப்படி ஒரு வெளிச்சம் அந்த முகத்தில். ஜும்ஆத் தொழுகைக்குப் போனால் பக்கத்தில் நிற்கிறவன் அரை அடி தள்ளி நிற்கிற ஊரில், பள்ளிவாசலே வீடு தேடி வந்திருக்கிறது. இவர் ஆமென்று சொல்லிவிடுவார், பட்டதெல்லாம் இந்த ஒரு அழைப்பில் கரைந்துபோகும் என்று அவள் பல்லைக் கடித்தாள்.

ஜிப்ரி ஹாஜியாரை உட்காரச் சொன்னார்.

"அறுக்க வாறேன் ஹாஜியார். புதுக் கத்தி வாணாம். பள்ளிக் கத்தி கோட்டுல ஈக்கிது. உங்கடதுன்னு சொல்லி எடுத்துக்கிட்டு வாங்க. அதாலதான் அறுப்பேன்."

ஹாஜியார் வாயைத் திறந்தார். நூருன்னிஸா புடைப்பதை நிறுத்திவிட்டு அவர் வாயையே பார்த்தாள். வழக்கமான வார்த்தை வரவில்லை. கோபத்தோடு எழுந்து போய்விட்டார்.

பெருநாளுக்கு முந்தின கிழமைதான் தவணை. கோட்டு வாசலில் வெள்ளை ஜுப்பாவும் தொப்பியுமாக ஸக்கரியா ஹாஜியார் நிற்பதைப் பார்த்தபோது, அவளுக்குத் தன் கண்ணையே நம்ப முடியவில்லை. கையில் தஸ்பீஹ் மணி படபடவென்று ஓடியது. ஆனாலும் வந்துவிட்டார். லோயர் சிரித்தே அவள் பார்த்ததில்லை, அன்று அவரும் சிரித்தார். பெருநாளுக்கு என்ன உடுப்பது என்றுகூட நூருன்னிஸா யோசித்துவிட்டாள்.

மத்தியானம் வரை காத்திருந்தார்கள். ஜிப்ரியின் பெயரைக் கூப்பிட்டார்கள். அரசாங்கத்துத் தரப்பு எழுந்து, சட்டமா அதிபரின் ஆலோசனை இன்னும் வந்து சேரவில்லை, மேலும் கால அவகாசம் வேண்டும் என்றது. பெருநாள் கழித்து நெடுநாள் தள்ளித் தவணை போட்டார்கள். அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள். ஹாஜியார் சாட்சி சொல்ல எழுந்தவர், எழுந்த வாக்கில் நின்றுகொண்டிருந்தார். உட்காரச் சொல்லிப் பொலிஸ்காரர் கையைக் காட்டினார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் ஜிப்ரி ஜன்னலோரம் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டார். அவருக்குப் பழகிவிட்டது. ஹாஜியாருக்குத்தான் ஆறவில்லை. ராத்திரியெல்லாம் தூங்காமல், பெண்சாதி பிள்ளைகளிடம் மௌத்துக்கு முந்தி வஸிய்யத்துச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு வந்தாராம். ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லையே, என்னை என்னவென்று நினைத்தார்கள் என்று பொருமிக்கொண்டே வந்தார். இந்தப் பொருமலெல்லாம் நூருன்னிஸா என்றைக்கோ பொருமித் தீர்த்தது.

யட்டவத்த வந்தபோது ஹாஜியார் அவள் பக்கம் திரும்பினார். ஒரே நாளில் கிழடு தட்டியிருந்தது முகம்.

"மகள், இது எப்பதான் முடியும்?"

நூருன்னிஸா ஜிப்ரியைத் தட்டி எழுப்பினாள். பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"நிலம சரியாகட்டும் ஹாஜியார்" என்று சொல்லிவிட்டு, பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தாள்.