ஒரு வீட்டுக்கு ஒரு நாக்கு

என் வேலை போன செய்தியை என் கணவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார். மின்சாரக் கட்டணம் கட்டியாகிவிட்டது என்று சொல்வாரே, அதே குரல்.

“நாளையோட உனக்கு முடிஞ்சுது. முதலாளி கூப்பிட்டுச் சொன்னார்.”

நான் அடுப்பை அணைத்தேன். “என்னைக் கூப்பிடலையே.”

“என்கிட்ட சொன்னா உன்கிட்ட சொன்ன மாதிரிதானே.”

நாங்கள் இருவரும் ஒரே சுருட்டுக் கம்பெனியில் வேலை பார்க்கிறோம். கூலிக்காரன் காதில் சொருகிக்கொள்ளும் சுருட்டு இல்லை. தேவதாருப் பெட்டியில் ஈரம் அளந்து வைத்து, ஒவ்வொன்றுக்கும் தங்க வளையம் மாட்டி விற்கும் உயர்ந்த ரகம். சந்தைக்குப் போகும் முன் ஒவ்வொரு கலவையையும் புகைத்துப் பார்த்துத் தாளில் எழுதித் தருவது எங்கள் வேலை. அவர் தலைமைச் சுவைஞர். கம்பெனியில் எல்லோரும் அவரை ‘மூக்கு’ என்றுதான் சொல்வார்கள். நான் அவர் மனைவி என்பதால் ‘மூக்குத்தி’. பதினொரு வருடங்களாக அந்தப் பேருக்குச் சிரித்திருக்கிறேன்.

“என்ன காரணமாம்?”

“நம்ம ரெண்டு பேர் தாளும் ஒரே மாதிரி இருக்காம். புதுப் பெட்டிக்கு விளம்பரம் எழுதணும்னு பழைய தாளெல்லாம் எடுத்துப் பாத்திருக்கார். ‘மழையில் நனைந்த புத்தக அட்டை’ன்னு நீ ஒரு வாசனை எழுதுவியே, அது ரெண்டு தாள்லயும் இருக்கு. ‘ஒரு வீட்டுக்கு ஒரு நாக்கு போதும், மூக்கு’ன்னார்.” சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தார். முதலாளியின் நகைச்சுவை அவருக்குப் பிடித்திருந்தது.

“நீங்க என்ன சொன்னீங்க?”

“சரின்னுட்டேன். வேற என்ன சொல்ல?”

சொல்வதற்கு நிறைய இருந்தது. நான்கு வருடங்களுக்கு முன்பு ஒரு காய்ச்சல் அவருடைய மூக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டது. காய்ச்சல் இறங்கியது; மூக்கு திரும்பவில்லை. உப்பும் இனிப்பும் நாக்குக்குத் தெரியும். மற்றதெல்லாம் அவருக்கு வெந்நீர் மாதிரி. அன்று இதே சமையலறையில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். கொஞ்ச நாளைக்கு என்றார். நானும் கொஞ்ச நாளைக்கு என்றுதான் நினைத்தேன்.

அப்போதுதான் தண்ணீர் டம்ளர் பாஷை பிறந்தது. சுவைக்கும் மேஜையில் என் டம்ளரின் விளிம்பில் ஆள்காட்டி விரல் வைத்தால் மரம். கட்டைவிரல் வைத்தால் தோல். டம்ளரைத் திருப்பினால் மிளகு. இரண்டு முறை தட்டினால் தேன். உள்ளங்கையை மேஜையில் விரித்து வைத்தால், இதில் பழுது இருக்கிறது, வாயைத் திறக்காதீர்கள் என்று அர்த்தம். அவர் கண்ணை மூடுவார், நெற்றியைச் சுருக்குவார், ஓரக்கண்ணால் என் கையைப் பார்ப்பார், பிறகு சொல்வார். எல்லோரும் தலையாட்டுவார்கள். எழுதும்போது என் தாளை எட்டிப் பார்த்துக்கொள்வார்.

அதில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். யாருக்கும் தெரியாமல் ஒருவரைத் தாங்கி நிற்பதில் ஒரு போதை இருக்கிறது. நல்லவள் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். அந்த மெச்சலை இன்று நினைத்தால் அவர் மேல் வருவதைவிட அதிகமாக என் மேல் கோபம் வருகிறது.

“நான் இல்லாம அங்க எப்படி சமாளிப்பீங்க?” என்று கேட்டேன்.

அவர் அதை யோசித்துவிட்டுத்தான் வந்திருந்தார். பஸ்ஸிலேயே யோசித்திருப்பார்.

“சுவைக்கிறதுக்கு முதல் நாளே பாக்கெட்ல ஒரு சுருட்டு போட்டு எடுத்துட்டு வந்துடறேன். நீ சமையல் முடிச்சுட்டு மாடியில உக்காந்து நிதானமா பாரு. ஒரு தாள்ல எழுதிக் குடு. நான் படிச்சுட்டுப் போயிடறேன். உனக்கும் அலைச்சல் இல்ல பாரு.”

அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் முகத்தில் சூழ்ச்சி இல்லை. எனக்கு ஒரு நல்லது செய்துவிட்ட நிறைவு இருந்தது. என் நாற்காலியைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, என் நாக்கை மட்டும் வீட்டில் வைத்துக்கொள்ளப் பார்க்கிறோம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. துவைத்த சட்டை அலமாரியில் இருப்பது மாதிரி, என் நாக்கு வீட்டில் இருக்கும்.

“சாப்பாடு போடேன்” என்றார்.

போட்டேன். குழம்பில் உப்புப் போட மறந்திருந்தேன். அதை மட்டும் உடனே கண்டுபிடித்துச் சொன்னார்.

மறுநாள் காலை இருவரும் கிளம்பினோம். சுவைக்கும் நாளில் காபி கிடையாது, பற்பசை கிடையாது, வாசனைச் சோப்பு கிடையாது. வெறும் தண்ணீரில் வாய் கொப்பளித்துவிட்டுப் போக வேண்டும். மூக்கே இல்லாத அவரும் நான்கு வருடங்களாக அதை ஒழுங்காகச் செய்கிறார். அன்று அதைப் பார்த்தபோது எரிச்சலாக இருந்தது.

எட்டு மணிக்கு மேஜையில் ஐந்து பேர் இருந்தோம். முதலாளி, என் கணவர், நான், முன்பு கப்பலில் சமையல்காரராக இருந்ததால் ‘கப்பல்’ என்று பேர் வாங்கிய இன்னொரு சுவைஞர், புதுப் பெட்டிக்குப் படம் எடுக்க வந்திருந்த போட்டோகாரர். பதினொரு மணிக்கு வெளியூர் வியாபாரிகள் வருவதாக இருந்தது. அதற்குள் புதுச் சுருட்டுக்கு எங்கள் தாள் தயாராக வேண்டும்.

“அம்மா, கடைசி நாளாமே” என்றார் கப்பல், குனிந்து, மெதுவாக. “கேள்விப்பட்டேன். இனிமே இந்த மேஜையில நான் யார்கூட சண்டை போடறது?”

“மூக்கு இருக்காரே.”

“அவர்கிட்ட சண்டை போட்டா அவர் உங்களைத்தான் பாக்கறார்.”

சட்டென்று நிமிர்ந்து பார்த்தேன். கப்பல் தன் சுருட்டை விரல்களுக்கிடையில் உருட்டி, இலையின் இறுக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுருட்டின் தலையை மெல்லிதாக வெட்டினேன். பற்ற வைக்காமல் ஒரு இழுப்பு. காய்ந்த புல், கொஞ்சம் கொக்கோ. பிறகு நெருப்பு. எங்கள் மேஜையில் மெல்லிய தேவதாரு மரச் சீவலில்தான் பற்ற வைப்போம். சீவலைக் கொளுத்தி, சுருட்டின் அடியை முதலில் சூடாக்கி, பிறகு பொறுமையாக இழுக்க வேண்டும். பெட்ரோல் லைட்டர் அந்த அறைக்குள்ளேயே வரக் கூடாது. ஒரு முறை அதில் பற்ற வைத்தால் இலை முழுக்க எண்ணெய் நாற்றம் ஏறிக்கொள்ளும். அந்தச் சுருட்டைக் குப்பையில் போட வேண்டியதுதான். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் கற்றுக்கொடுக்கிற பாடம் இது.

நான் என் சீவலைக் கொளுத்தி, என் சுருட்டைப் பற்ற வைத்தேன். வழக்கமாக எரியும் சீவலை அப்படியே என் கணவர் பக்கம் நீட்டுவேன். அன்று ஊதி அணைத்தேன்.

அவர் கை பாதி வழியில் நின்றது. என்னைப் பார்த்தார். நான் புகையைப் பார்த்தேன்.

“சார், இதுல பத்த வைங்களேன்” என்று போட்டோகாரர் தன் பளபளப்பான லைட்டரை நீட்டினார். “படத்துல எடுப்பா இருக்கும்.”

கப்பல் வாயைத் திறந்தார். அதற்குள் என் கணவர் அதை வாங்கி, அடித்து, பற்ற வைத்துவிட்டார். விதி அவருக்குத் தெரியாதது இல்லை. ஆனால் அது ஏன் விதி என்பது அவருக்கு மறந்துபோயிருந்தது. என் மேல் கோபம் வேறு. படக்கென்று ஒளி வெட்டியது, படம் எடுத்தாகிவிட்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டு இழுத்தார்.

பெட்ரோல் நாற்றம் மேஜை முழுக்கப் பரவியது. கப்பல் கைக்குட்டையை எடுத்தார். முதலாளி தன் சுருட்டை வாயிலிருந்து இறக்கினார். முதல் இழுப்பிலேயே துப்பிவிட்டுத் திட்டுவார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள் என நினைக்கிறேன்.

அவர் துப்பவில்லை. நெற்றியைச் சுருக்கினார். பிறகு கண்ணை லேசாகத் திறந்து என் கையைத் தேடினார்.

என் இரண்டு கைகளும் மடியில் இருந்தன. வலது கை தானாக எழும்பியது. பொய் சொல்ல மாட்டேன், எழும்பத்தான் செய்தது. நான்கு வருடப் பழக்கம். உள்ளங்கையை மேஜையில் விரித்தால் போதும். சுருட்டைக் கீழே வைத்துவிட்டு ஏதாவது சொல்லித் தப்பித்துக்கொள்வார். இடது கையால் அதன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். இறுகப் பிடித்தேன். வளையல் எலும்பில் அழுந்தி வலித்தது. அந்த வலி எனக்கு வேண்டியிருந்தது.

“தேன்” என்றார் அவர். “முதல்ல தேன் வருது. அப்புறம் பழைய மரம்.”

“வேற ஒண்ணும் வரலையா மூக்கு?” என்று கேட்டார் முதலாளி.

“பின்னாடி லேசா மிளகு.”

“மிளகு இல்ல சார்” என்றார் கப்பல். “லாரி.”

போட்டோகாரர் சிரித்துவிட்டு, வேறு யாரும் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். என் கணவர் மேஜையைச் சுற்றி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கையிலிருந்த லைட்டரைப் பார்த்தார். அவருக்கு அப்போது புரிந்தது. காது சிவந்துவிட்டது.

“ஜலதோஷம்” என்றார். “நாலு நாளா மூக்கு அடைப்பு. வீட்ல வேற கொஞ்சம் மனஸ்தாபம். இவ வேலை போகுதுன்னு நேத்துலேருந்து மூஞ்சியைத் தூக்கி வெச்சுட்டிருக்கா. அந்தக் குழப்பத்துல...”

அதைக் கேட்டிருக்காவிட்டால் நான் பேசாமல்தான் இருந்திருப்பேன். கையைத் தூக்காமல் இருந்ததே எனக்குப் போதுமாக இருந்திருக்கும். தன் மூக்கு செத்ததற்கும் என் மூஞ்சியைக் காரணம் காட்டினார்.

“நாலு நாள் இல்ல” என்றேன். “நாலு வருஷம்.”

முதலாளி என் பக்கம் திரும்பினார். அந்த அறையில் அவர் என்னை நேராகப் பார்த்தது அதுதான் முதல் முறையோ என்று தோன்றியது. “அப்போ அந்தத் தாளெல்லாம்?”

“ரெண்டும் என்னுது. ஒரு வீட்டுக்கு ஒரு நாக்குதான் சார் இருந்துச்சு. நீங்க அனுப்பறது அதை.”

“ரெண்டு பேரும் சேர்ந்து என்னை ஏமாத்தியிருக்கீங்க.”

“ஆமா.”

“உங்களை மட்டும் நான் எதுக்கு வெச்சுக்கணும்?”

“நேத்தே வேணாம்னுட்டீங்க. இன்னைக்கு முடியற வரைக்கும் நான் சுவைஞர். இந்த ஒரு தாளை எழுதிக் குடுத்துட்டுப் போறேன்.” என் சுருட்டை மறுபடி வாயில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தேன். “உங்க சுருட்டைக் கீழ வைக்காதீங்க சார். இழுத்துட்டே இருங்க. முதல் பங்கு நல்லாத்தான் இருக்கும். ரெண்டாம் பங்குக்கு வாங்க.”

ஒரு சுருட்டை நாங்கள் மூன்று பங்காகப் பிரித்துப் பார்ப்போம். முதல் இரண்டு பங்கை மட்டும்தான் மேஜையில் புகைப்போம். கடைசிப் பங்கு காசு கொடுத்து வாங்குகிறவருக்கு என்பது கம்பெனி வழக்கம். பற்ற வைக்கும் முன்பு வந்த அந்தக் காய்ந்த புல் வாசனைக்குக் கீழே வேறொன்று ஒளிந்திருந்ததை என் மூக்கு அப்போதே பிடித்துவிட்டது.

இருபது நிமிடம் புகைத்தோம். சாம்பல் நீண்டது. என் கணவர் நின்றுகொண்டே இருந்தார். உட்காரச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது, சொல்லவில்லை.

முதலில் கப்பலின் முகம் மாறியது. பிறகு முதலாளி கண்ணைக் கசக்கினார்.

“அம்மோனியா” என்றேன். “உள்ள வெச்சுச் சுருட்டின இலை இன்னும் பதமா ஆறலை. அவசரப்பட்டுச் சுருட்டியிருக்காங்க. குறைஞ்சது எட்டு மாசம் பெட்டியில கிடக்கணும். பதினோரு மணிக்கு வர்றவங்க முன்னாடி இதைத் திறந்தா, ரெண்டாம் பங்குல எல்லாரும் எழுந்து போயிடுவாங்க.”

கப்பல் தலையாட்டினார். “அம்மா சொல்றது சரி. பூனை மூத்திரம்.”

முதலாளி இன்னொரு முறை இழுத்துப் பார்த்தார். பிறகு புதுப் பெட்டியின் மூடியைச் சாத்தினார். போட்டோகாரரைப் போகச் சொன்னார். என்னிடம், ஏதோ தானம் பண்ணுகிறவர் மாதிரி, “சரி, நாளைக்கு எட்டு மணிக்கு வாங்க” என்றார்.

நன்றி என்ற சொல் பழக்கதோஷத்தில் தொண்டைவரை வந்தது. விழுங்கிவிட்டுத் தாளை எழுதி முடித்தேன். கீழே ‘தலைமைச் சுவைஞர்’ என்று அச்சடித்திருந்த கோட்டின் மேல் என் கையெழுத்தைப் போட்டு, முதலாளி பக்கம் தள்ளினேன்.

“இதைப் பாத்துட்டுச் சொல்லுங்க சார். நாளைக்கு நான் வரணும்னா இந்த இடத்துக்குத்தான் வருவேன்.”

அவர் தாளை வெகுநேரம் பார்த்தார். கையெழுத்தை அடித்துவிடவில்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து போனார்.

நான் அறையை விட்டு வெளியே வந்தபோது, எனக்கு முன்பே நழுவியிருந்த என் கணவர் மாடிப்படியில் காத்திருந்தார். ஒரே காலையில் தோள்கள் தொங்கிப்போயிருந்தன. பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனாலும் என் கோபம் ஒரு துளி குறையவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

“கையை மேஜை மேல வெச்சிருந்தா போதுமே” என்றார். “ஒரு செகண்டு.”

“நாலு வருஷம் வெச்சிருந்தேன்.”

“வீட்டுக்குப் போகலாம் வா. அங்க போய்ப் பேசிக்கலாம்.”

“நீங்க போங்க. மேஜையில என் சுருட்டு இருக்கு.”

“அதான் முடிஞ்சுதே. ரெண்டு பங்கும் ஆச்சே.”

“மூணாவது பங்கு இருக்கு” என்று சொல்லிவிட்டுத் திரும்பி உள்ளே போனேன். ஆறாத இலை, கடைசிப் பங்கு இன்னும் கசக்கும் என்று தெரியும். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அதை எடுத்து வாயில் வைத்தேன்.