மாப்பிள்ளை எடுத்த படம்

அவரைப் பந்தலின் கிழக்குப் பக்கம் அந்தப் பருவத்தில் யாரும் போகக் கூடாது என்று மாமியார் உத்தரவு போட்டிருந்தாள். கொடிக்குள்ளே கொண்டைக்குருவி ஒன்று கிண்ணம் மாதிரி கூடு கட்டி மூன்று குஞ்சு பொரித்திருந்தது. அங்கே காய்த்த அவரையெல்லாம் முற்றி நார் ஏறிப் போயிற்று. போனால் போகட்டும் என்று மேற்குப் பக்கத்தில் பறித்ததை வைத்தே சமையலை ஓட்டினாள். கடைக் காய் அந்த வீட்டு அடுப்பில் ஏறுவதில்லை. தோட்டம் அவரை கொடுக்கிற மாதத்தில் அவரை, பூசணி கொடுக்கிற மாதத்தில் பூசணி, ஒன்றும் கொடுக்காவிட்டால் இருக்கவே இருக்கிறது கீரை. “நாக்கைக் கேட்டுச் சமைக்கிறவங்களைப் பார்த்திருக்கேன், காலண்டரைக் கேட்டுச் சமைக்கிறவ நீ ஒருத்திதான்” என்று வீட்டுக்காரர் கிண்டலடிப்பார். அடிப்பாரே தவிர, தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைத்ததில்லை.

கல்யாணமான பிறகு மகளும் மாப்பிள்ளையும் சேர்ந்தாற்போல் நாலு நாள் தங்க வந்தது அப்போதுதான். மாப்பிள்ளைக்கு இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை. ஆனால் யார் கேட்டாலும், “பறவைகளைப் படம் எடுப்பேன்” என்றுதான் சொல்லுவார். துணிமணிப் பை ஒன்று என்றால் காமிராப் பை இரண்டு. வந்த அன்று சாயங்காலமே போனை நீட்டி, தான் எடுத்த மீன்கொத்தியையும் ஆந்தையையும் காட்டினார். ஒவ்வொன்றும் அப்படி ஒரு அழகு. மாமியாருக்குப் பெருமை தாங்கவில்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாளா? “நம்ம பந்தல்லயே ஒரு கூடு இருக்கு மாப்பிள்ளை. தூர நின்னு பாருங்க, கிட்டப் போனா தாய் வராது” என்று சொல்லிவிட்டாள்.

மறுநாள் காலை, பூசணித் தோலை எருக்குழியில் கொட்டப் போனவளுக்கு முதலில் காதில் விழுந்தது குருவியின் கத்தல்தான். துணி காயப்போடும் கம்பியில் தாயும் தகப்பனும் உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தன. தாயின் அலகில் ஒரு புழு தொங்கிக்கொண்டிருந்தது. ஊட்டவும் வழியில்லை, விழுங்கவும் மனமில்லை. மாமியார் பந்தல் பக்கம் திரும்பினாள். கிழக்குப் பக்கம் மொட்டையாக நின்றது. பூவும் பிஞ்சுமாகக் கொடி கீழே குவிந்து கிடந்தது. நடுவில் அந்தக் கூடு, கதவைப் பிடுங்கிய குளியலறை மாதிரி, ஊருக்கே தெரியும்படி இருந்தது. சரியாக இறகு முளைக்காத மூன்று குஞ்சுகள் வெயிலில் வாயைப் பிளந்துகொண்டிருந்தன.

“அத்தை, இப்போ வந்து பாருங்க. எவ்வளவு கிளியரா தெரியுது!” என்றார் மாப்பிள்ளை. கையில் சின்னக் கத்தரிக்கோல். அது வீட்டுக் கத்தரிக்கோல் அல்ல. காமிராப் பையிலேயே அதற்கென்று ஒரு உறை இருந்தது. அப்படியானால் அந்த மீன்கொத்திக்கும் ஆந்தைக்கும் முன்னால் என்னென்ன வெட்டி விழுந்ததோ! 

“எதுக்கு மாப்பிள்ளை இதை வெட்டுனீங்க?”

“இலை மறைக்குது அத்தை. ஃபோகஸ் ஆகலை.”

“மறைக்கணும்னுதானே அது அங்கே கட்டியிருக்கு.”

அவர் சிரித்தார். ஏதோ வேடிக்கை பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டார் போல. மாமியார் பல்லைக் கடித்தாள். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். மாப்பிள்ளை உடைத்தால்? குடமே உடையவில்லை. அப்படித்தானே உலகம் நடக்கிறது.

வெட்டின கொடி ஒட்டாது. பழைய பச்சைப் போர்வையைக் கிழித்து, கூட்டுக்கு மேலும் வெயில் அடிக்கிற பக்கமும் துணி கிளிப் போட்டு மாட்டினாள். விழுந்த கொடிகளையே அள்ளி அதன் மேல் செருகினாள். எல்லாரையும் வீட்டுக்குள் அனுப்பிவிட்டு அடுக்களை ஜன்னல் வழியே பார்த்தபடி நின்றாள். வெகுநேரம் தாய் கம்பியை விட்டு நகரவில்லை. பிறகு ஒரு தாவு தாவித் துணி மடிப்புக்குள் புகுந்தது. மாமியாருக்கு மூச்சு வந்தது. ஆனால் பின்சுவரில் ஒரு காக்கை உட்கார்ந்திருந்தது. அதற்கும் அவளைப் போல வேறு வேலை இல்லை. அதுவும் கூட்டையேதான் பார்த்துக்கொண்டிருந்தது.

வீட்டுக்காரர் மெதுவாக வந்து, “ஒண்ணும் சொல்லிடாதே. மாப்பிள்ளை மனசு நோகக் கூடாது” என்றார்.

“வெயில்ல மூணு பச்சைக் குஞ்சு கிடந்துச்சே, அதுக்கு நோகலாமா?”

“குருவிதானேம்மா.”

“ஆமா, குருவிதான். உங்களுக்கு எல்லாமே ‘தானே’தான்.”

மகள் வாசற்படியில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் வாயாடி என்று தெருவே பட்டம் கொடுத்திருந்த பெண். வந்ததிலிருந்து கேட்டதற்குத்தான் பதில், அதுவும் ஒற்றை வார்த்தையில். “நீயாவது அவர்கிட்ட எடுத்துச் சொல்லேன்” என்றாள் மாமியார். “சொன்னா கேக்குற ஆளா?” என்று மட்டும் சொல்லிவிட்டு மகள் தட்டுகளைத் துடைக்கப் போய்விட்டாள்.

மாமியார் மாப்பிள்ளையைக் கூப்பிட்டுத் தணிந்த குரலில்தான் சொன்னாள். “அந்தத் துணியை மட்டும் தொட்டுடாதீங்க. காக்கா காத்துக்கிட்டிருக்கு.” அவரும், “சரிங்கத்தை” என்று நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார்.

விருந்துச் சமையல் சூடு பிடித்தது. பிஞ்சு அவரையை வதக்கி இறக்கி, பூசணியை அடுப்பில் ஏற்றி, கொஞ்சம் கண்ணை ஜன்னலிலிருந்து எடுத்தாள். தாளிக்கிற சத்தத்துக்கு மேலே குருவிகளின் கத்தல் எழுந்தது. கரண்டியோடு ஓடினாள்.

போர்வைத் துணி கழற்றப்பட்டு, அழகாக மடித்து, வரப்பில் வைக்கப்பட்டிருந்தது. கிளிப்புகள் அதன் மேல் வரிசையாக இருந்தன. என்ன பொறுப்பு! கூட்டில் இரண்டு குஞ்சுதான் இருந்தது. காக்கை சுவரைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது, தாயும் தகப்பனும் அதன் பின்னாலேயே கத்திக்கொண்டு பறந்தன. மாப்பிள்ளை காமிராவின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகமெல்லாம் பல்.

“அத்தை, செம ஷாட்! காக்கா வாயில குஞ்சு, பின்னாடி தாய். இப்படி ஒண்ணு லைஃப்லயே கிடைக்காது. போட்டிக்கு அனுப்பினா கண்டிப்பா பரிசுதான்.”

“துணியை எடுக்காதீங்கன்னு சொன்னேனா இல்லையா?”

“ரெண்டே நிமிஷம்தான் அத்தை. தாய் ஊட்டுறதை எடுக்கலாம்னு பார்த்தேன். என்ன பண்றது, இயற்கைன்னா கொடூரம்தான்.”

அவ்வளவுதான். காலையிலிருந்து தொண்டையில் நின்றதெல்லாம் வெளியே வந்தது.

“எது இயற்கை? கத்தரிக்கோல் இயற்கையா? காக்கா அது வயித்துக்கு எடுத்துச்சு, அதை நான் திட்ட மாட்டேன். நீ எதுக்குய்யா எடுத்தே? இலையை வெட்டினே, துணியைக் கழட்டினே, காக்காவுக்கு இலை போட்டுப் பரிமாறிட்டு, பக்கத்துல நின்னு படமும் எடுத்துக்கிட்டே. பறவை மேல ஆசையாம் ஆசை! ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதைதான்!”

வீட்டுக்காரர் ஓடி வந்தார். “ஏய், என்ன பேச்சு இது? மாப்பிள்ளையைப் போய் வா, போன்னுகிட்டு!”

“பேசுவேன். போட்டிக்குத்தானே? தாராளமா அனுப்பட்டும். ஆனா படத்துக்குக் கீழே எழுதணும். கூட்டை மறைச்ச கொடியை நான்தான் வெட்டினேன், வேண்டாம்னு சொல்லியும் துணியை நான்தான் எடுத்தேன்னு எழுதணும். எழுதி அனுப்பட்டும், பரிசும் வாங்கட்டும். நானே விருந்து வைக்கிறேன்.”

மாப்பிள்ளையின் முகம் சிவந்துவிட்டது. “அதெல்லாம் எழுதினா எவன் பரிசு குடுப்பான்?” என்றார்.

“எழுதுங்க.”

சொன்னது மகள். எப்போது வந்து நின்றாள் என்று யாரும் கவனிக்கவில்லை. வரப்பில் கிடந்த துணியை உதறி, கிளிப்புகளை வாயில் கவ்விக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்து மாட்டினாள். ஒரு மூலைகூட விட்டுப்போகவில்லை. பிறகு கொல்லைக் கதவருகே ஸ்டூலை இழுத்துப்போட்டு, காக்கை விரட்டும் கம்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அன்று விருந்து நடந்தது என்று சொல்ல முடியாது. வீட்டுக்காரர் மட்டும் அவரையைப் புகழ்ந்துகொண்டிருந்தார். மாமியார் ஒரு தட்டில் போட்டுக் கொல்லைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். மகள் கண்ணைப் பந்தலிலிருந்து எடுக்காமலே சாப்பிட்டாள். தாய்க்குருவி மறுபடி உள்ளே போயிருந்தது.

மாப்பிள்ளைக்கு ரோஷம் வந்துவிட்டது. சாயங்காலம் காமிராப் பைகளைக் கூடத்தில் எடுத்து வைத்து, “கிளம்பு, போகலாம். இங்கே இனி ஒரு நிமிஷம் இருக்க மாட்டேன்” என்று கொல்லைப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார். வீட்டுக்காரர் கையைப் பிசைந்தார். சொன்னதில் ஒரு சொல்லைக்கூடத் திரும்ப எடுக்க மாமியாருக்கு மனம் வரவில்லை.

மகள் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை. “அந்த ரெண்டும் பறக்கட்டும், அப்புறம் வரேன். நீங்க போறதுன்னா போங்க” என்றாள்.