எட்டில் திறந்த வீடு

1

இந்தக் கதை நான் திருடியது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் கேமரா மாட்டியவர் என் மச்சான். "எல்லா வீட்டுக்கும் ஒரே பாஸ்வேர்டுதான் மாப்ளே. மறந்துட்டு எனக்குத்தானே போன் பண்றாங்க" என்றார். ஒருநாள் கணினியில் எங்கள் கேமராவின் எண்ணைத் தட்டும்போது, கடைசியில் ஏழுக்குப் பதில் எட்டு விழுந்துவிட்டது. யாரோ ஒருவர் வீடு திறந்துகொண்டது, சத்தத்தோடு.

உடனே மூடியிருக்கலாம். (பதினோரு நாள் பார்த்தேன்.)

2

தொடக்கம், முதல் முயற்சி: ‘தையல்காரி ஊசியில் நூலைக் கோத்தபடியே, கட்டிலில் கிடக்கும் அப்பாவிடம்…’

வேண்டாம். அழகாக வருகிறது. அதுதான் கூசுகிறது.

இரண்டாவது: ‘வெளியே போகும்போது அப்பாவைப் பார்த்துக்கொள்ளத்தான் அவள் அந்தக் கேமராவை வைத்திருந்தாள்.’ இது நிஜம். அவரால் எழுந்திருக்க முடியாது. உடம்பு துடைத்துவிடும் முன் அவள் கதவைத் தாழிடுவாள், இரண்டு ஜன்னல்களையும் சாத்துவாள். அவர் அப்போதும் போர்வையை விடமாட்டார்.

"யாரும் பாக்க மாட்டாங்கப்பா, விடுங்க."

நல்ல வசனம் என்று நோட்டில் குறித்துக்கொண்டேன். [நான் வெட்கப்பட இது ஒன்று போதும்.]

3

எழுத்தாளன் என்ற பாத்திரம் முதல் நாளே ஓடிப்போய் மச்சானிடம் சொல்வதாக எழுதிப்பார்த்தேன். பச்சைப் பொய். நேற்றுதான் சொன்னேன்.

"பாஸ்வேர்ட மாத்திடறேன் மாப்ளே. அவங்ககிட்ட எதுக்குச் சொல்லணும்? நம்ம ரெண்டு பேர் மானமும் கப்பலேறிடும்."

எனக்கு முன்னால் எத்தனை பேர் எட்டைத் தட்டினார்களோ. அது அவளுக்குத் தெரிய வேண்டாமா? அவரிடமே அவள் போன் நம்பரை வாங்கிக்கொண்டேன்.

4

முடிவு ஒன்று: சொல்லாமல் விட்டுவிடுகிறேன். அடித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: அவள் மன்னித்துவிடுகிறாள். (ரொம்பத்தான் ஆசை எனக்கு.) அதையும் அடித்துவிட்டேன்.

நடந்தது இது. இன்று காலை பத்து மணிக்குப் போன் செய்தேன். வீட்டில் இருக்கிறாளா என்று தெரிந்துகொள்ள முதலில் கேமராவைத் திறந்தேன். ஆமாம், இன்னொரு தடவை; மச்சான் இன்னும் பாஸ்வேர்டை மாற்றியிருக்கவில்லை. அவள் தைத்துக்கொண்டிருந்த துணியை வைத்துவிட்டுப் போனை எடுத்தாள்.

"ஹலோ, யாருங்க?"

ஒரு நொடி கழித்து என் கணினியும் "ஹலோ, யாருங்க?" என்றது. அவள் குரலிலேயே. பின்னாலேயே அவள் அப்பாவின் இருமல். இரண்டும் என் போன் வழியாக அவள் காதுக்கே திரும்பிப் போயின.

அவள் அப்பாவைப் பார்த்தாள். பிறகு மெல்ல நிமிர்ந்து, நேராகக் கேமராவைப் பார்த்தாள்.

இத்தனை தொடக்கம் எழுதிப் பார்த்தவனுக்கு ஒரு வாக்கியம் வரவில்லை. அவள் இன்னும் போனை வைக்கவில்லை. நீங்கள் சொல்லுங்கள், நான் என்ன சொல்லித் தொடங்க?