வடசரிவில் வைத்த புள்ளி

பல்கலைக்கழகக் கருத்தரங்க அறையில் எல்லோரும் உட்கார்ந்திருக்க, மலையிலிருந்து வந்திருந்த கிழங்குக்காரி மட்டும் எழுந்து திரைக்கு அருகில் போய்ப் பார்த்தார். வரைபடத்தில், மலையின் வடசரிவில், இரண்டு ஓடைகள் சேரும் இடத்துக்குச் சற்று மேலே ஒரு சிவப்புப் புள்ளி.

"இது என்ன சார்?"

"நம்ம கிழங்கு இருக்கிற இடம்மா," என்றார் பேராசிரியர்.

"நம்ம கிழங்கா? எப்போலேருந்து?"

பழங்குடி மக்களும் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்யும் ஆய்வு என்று சொல்லித்தான் பேராசிரியரின் குழு மலைக்கு வந்தது. ஆறு மாதம் அவர்களை மலையேற்றியவர் கிழங்குக்காரி. கழுத்தில் 'கூட்டாய்வாளர்' என்ற அட்டை. அவருடைய ஊர் மக்கள் கேட்டது ஒன்றுதான்: கிழங்கு எந்த நோய்க்கு ஆகும் என்று எழுதுங்கள், எங்கே முளைக்கிறது என்று எழுதாதீர்கள். முன்பு வேறு யாரோ தென்சரிவைப் பற்றி எழுதினார்கள். கட்டுரை வந்த நாலாம் மாதம் சாக்குகளோடு ஆட்கள் வந்து அதை மொட்டையடித்துவிட்டுப் போனார்கள். மிச்சம் இருப்பது வடசரிவு மட்டும்.

"எடம் போட மாட்டோம்னு கையெழுத்துப் போட்டீங்களே சார்?"

"இடம் இல்லாம எந்தப் பத்திரிகையும் எடுத்துக்காதும்மா."

"அப்போ அழிச்சிடுங்க."

பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "போன செவ்வாய்க்கிழமையே அனுப்பியாச்சு. திருப்பி வாங்கினா மூணு வருஷ உழைப்பு வீண். உங்க பேரையும் போட்டிருக்கேன்மா!"

"திருடன் கையில சாவியக் குடுத்தவள்ங்கிற பேரா? ரொம்ப நல்லாருக்கு. எப்போ அச்சாகும்?"

"ஒன்றரை மாசத்துல."

கிழங்குக்காரி அங்கேயே நின்றபடி கைப்பேசியில் கொழுந்தனை அழைத்தார். "தம்பி, எல்லா வீட்டுக்கும் சொல்லு. நாளைக்கே வடசரிவுக் கிழங்கு மொத்தத்தையும் தோண்டி வேற எடத்துல நடணும்."

மறுமுனையில் கொழுந்தன் கத்தியது முதல் வரிசைவரை கேட்டது. "பூக்கிற நேரம் அண்ணி! இப்போ எடுத்தா பாதி பிழைக்காது!"

"தெரியும்டா. விட்டு வெச்சா ஒண்ணுகூட பிழைக்காது."

"எங்க நடறது?"

"அத போன்லயா கேப்ப, அறிவுகெட்டவனே? இங்க ஒவ்வொரு காதும் பேனாவோட ஒக்காந்திருக்கு."

பேராசிரியர் பதறி எழுந்தார். "அம்மா, அப்படிச் செஞ்சா கட்டுரையே தப்பாயிடுமே! யாராவது போய்ப் பார்த்தா என் பேர் என்ன ஆகும்?"

அந்த அறையில் பேராசிரியர் முதல்முறையாகப் பதறியது அப்போதுதான்.

கிழங்குக்காரி திரும்பிப் பார்க்காமல் கைப்பேசியில் தொடர்ந்தார். "பூக்காத செடிய மொதல்ல எடுங்க. வேர்ல ஒட்டின மண்ண ஒதறாதீங்க. ஈரச்சாக்கு போதுமானது இருக்கா பாரு," என்று சொல்லிக்கொண்டே கதவைத் திறந்து வெளியேறினார்.